முதலில் முள்ளைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. புளியரையில் சவுண்ட் சர்வீஸ் நடத்திய உங்கள் தாத்தாவின் பெட்டி ரெக்கார்டு பிளேயரும், மச்சில் கிடந்த நூற்றுச்சொச்சம் இசைத்தட்டுகளும் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. பழைய பெட்டியைச் சரி செய்வதா, புதிதாக வாங்குவதா? வாங்கினால் வீட்டில் எப்படிப் பொருத்துவது? தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் பூஞ்சையை என்ன செய்வது?

செங்கோட்டையில் முப்பது ஆண்டுகளாக ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் பழுது பார்த்தவன் என்ற முறையில் ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடிக்கும் வரை அந்தத் தட்டுகளில் ஒன்றைக்கூட அந்தப் பெட்டியில் போட்டுப் பார்க்காதீர்கள். ஆசை இருக்கும். எனக்கும் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெட்டியின் கையில் இருக்கும் முள் எத்தனை கோயில் கொடை விழாக்களைப் பார்த்தது என்று நமக்குத் தெரியாது.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் இருந்தது சபையர் முள். அதன் ஆயுள் ஐம்பது மணி நேரம், மிஞ்சினால் நூறு. வைர முள்ளுக்கு ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். ஒரு கொடைக்கு இரவு முழுக்க எட்டு மணி நேரம் பாடியிருந்தால், பத்துப் பன்னிரண்டு கொடையில் சபையர் முள் தீர்ந்துவிடும். தீர்ந்த முள் பாடாமல் நின்றுவிடாது, அதுதான் சங்கடம். உருண்டையான அதன் நுனி இருபுறமும் தட்டையாகத் தேய்ந்து உளி போல் ஆகிவிடும். அந்த உளி ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தின் சுவரைச் செதுக்கிக்கொண்டே பாடும். எல்பி என்ற பெரிய தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம் ஓடினால் சுமார் 730 சுற்று. முள் கடக்கும் தூரம் கிட்டத்தட்ட 475 மீட்டர். அவ்வளவு தூரம் உளியை இழுத்துவிட்டுத் தட்டைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் ஒன்றும் திரும்பி வராது. (தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.)

முள்ளுக்குப் பின்னால் இருக்கும் கார்ட்ரிட்ஜ் இன்னொரு கதை. பழைய பெட்டிகள் பலவற்றில் இருந்தது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். அதன் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு என்ற ஒரு வகை உப்பின் படிகம். அசைத்தால் மின்சாரம் தரும். ஆனால் உப்புதானே, ஈரத்தை இழுத்துக்கொண்டு கெட்டுப்போகும். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலை வாங்கிக்கொள்ளும் நம் ஊரில், சமையலறை உப்பு ஜாடியே கசியும்போது ஐம்பது ஆண்டுப் பழைய ரோஷெல் உப்பு என்ன கதியாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பெட்டி சுற்றுகிறது, ஆனால் சத்தம் முனகலாக வருகிறது என்றால் ஆம்ப்ளிபயரைச் சந்தேகிக்கும் முன் கார்ட்ரிட்ஜைச் சந்தேகியுங்கள். அதே இடத்தில் செராமிக் கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் பொருத்தினால் பல பெட்டிகள் உயிர் பெற்றுவிடும்.

பெட்டியைச் சரி செய்யலாம், தம்பி. தாத்தாவின் நினைவுக்காகச் சரி செய்யுங்கள். மின் கம்பியின் ரப்பர் உறை உதிர்ந்திருக்கும் என்பதால் சொருகிப் பார்க்காமல் முதலில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துக் கம்பியையும் கபாசிட்டர்களையும் மாற்றச் சொல்லுங்கள். உள்ளே மோட்டாருக்கும் சுழல்தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அதில் தட்டையான ஒரு பள்ளம் விழுந்து, சுற்றும்போது ‘டொக் டொக்’ என்று கேட்கும். மோட்டாரின் தாங்கிகளில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். அதைச் சுரண்டித் துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை ஒரு பெட்டி வந்தது. டிசம்பரில் காலையில் மட்டும் சுற்றாது, பத்து மணிக்கு மேல் சுற்றும். திறந்து பார்த்தால் தாங்கி முழுக்கத் தேங்காய் எண்ணெய்! 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் எண்ணெயை மோட்டாரில் விட்டால் அதுவும் வெயில் ஏறத்தான் எழுந்திருக்கும். பெட்டிக்குள் பல்லி முட்டை இருந்தாலும் வியக்காதீர்கள்.

ஆனால் நாள்தோறும் கேட்பதற்கு அந்தப் பெட்டி வேண்டாம். அதன் கை ஐந்தாறு கிராம் எடையோடு தட்டில் உட்காரும். இப்போதைய நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜுகளுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை கிராம் போதும். இப்போது சூட்கேஸ் வடிவில் பளபளவென்று விற்கும் பிளேயர்களையும் இதே காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்பேன். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கையின் எடையைக் கூட்டிக் குறைக்க வழியே இருக்காது. வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு. கையின் பின்புறம் திருகி நகர்த்தக்கூடிய எடைக்கட்டி இருக்க வேண்டும். முள்ளைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். உங்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் தேவை: நிமிடத்துக்கு 78 சுற்று வேகம். ஏனென்று சொல்கிறேன்.

தட்டுகளைப் பிரியுங்கள். கையில் எடுத்தால் கனமாக, விளிம்பைத் தட்டினால் பீங்கான் போலச் சத்தம் தருபவை 78. அவை அரக்கால் ஆனவை. கீழே விழுந்தால் ஓடு போல உடையும். வளையக்கூடியவை வினைல்: சிறியவை பெரும்பாலும் 45, பெரியவை 33⅓ சுற்று எல்பி. சந்தேகம் வந்தால் லேபிளில் எண் இருக்கும். எல்பி வந்தது 1948-ல், 45 அதற்கு அடுத்த ஆண்டு. அதற்கு முந்தைய தமிழ்க் குரல் எதுவானாலும் முதலில் பதிவானது 78-ல்தான். நம் ஊர்க்காரர், நாடக நடிகரும் பாடகருமான கிட்டப்பா 1933-லேயே போய்விட்டார். அவர் காலத்தில் வந்த தட்டு ஒன்று அந்தக் கட்டில் இருந்தால் அது நிச்சயம் அரக்குத் தட்டு. அதை எல்பி முள்ளில் ஓட்டக் கூடாது. எல்பி முள்ளின் நுனி ஆரம் சுமார் 0.018 மில்லிமீட்டர், 78-க்கு வேண்டியது 0.075 மில்லிமீட்டர், நான்கு மடங்கு தடிமன். சின்ன முள் அந்த அகலப் பள்ளத்தின் அடியில் போய், அங்கே படிந்திருக்கும் அழுக்கில் தடுமாறிக்கொண்டு ஓடும். இரைச்சல்தான் வரும், முள்ளும் கெடும். 78 முள்ளை எல்பியில் வைத்தாலோ எல்பி பாழ். பழைய பெட்டியின் கார்ட்ரிட்ஜில் சிறிய நெம்பு ஒன்று இருந்து, அதைத் திருப்பினால் ஒரு பக்கம் 78 முள்ளும் மறுபக்கம் எல்பி முள்ளும் வந்தால் அது இந்தக் காரணத்துக்காகவே.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் மூன்று வேகத்திலும் ஓடும். அதோடு வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு முள்ளை மட்டும் உருவி 78 முள்ளைச் செருகலாம். நான் அதை விற்பவனல்ல. வேறு எதிலும் இந்த மூன்றும் இருந்தால் அதையே வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது பழைய பிளேயர் கொண்டுவந்து தந்தால் மட்டும் பின்புறத் தகட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். அமெரிக்கப் பிளேயர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் 230-ல் நேராகச் செருகினால் புகை. வோல்ட்டைக் குறைத்துக் கொடுத்தாலும், மாறுமின்சார மோட்டார் என்றால் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டைக்கு இறங்கிவிடுவார். அடாப்டரில் ஓடும் நேர்மின்சார மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை.

சரி, வாங்கி வந்துவிட்டீர்கள். எங்கே வைப்பது? மச்சில் வேண்டாம். பலகைத் தளத்தில் ஒருவர் நடந்தாலே முள் துள்ளும். கீழ்த்தளத்தில் சுவரில் பதித்த கடப்பைக் கல் அலமாரி இருந்தால் அதுதான் ராஜ இடம். கனமான கல், சுவரோடு கட்டியது, காலடி அதிர்வு ஏறாது. ஸ்பீக்கர்களை அதே கல்லில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு கல் வழியாக முள்ளுக்கு ஏறி, முள்ளிலிருந்து மீண்டும் ஸ்பீக்கருக்குப் போய், சத்தம் கூட்டும்போது ஊளையிட ஆரம்பிக்கும். ஜன்னலுக்கு நேர் எதிரேயும் வேண்டாம். சாரலும் சாயங்கால வெயிலும் ஒன்றுபோல் கெடுதல். பூஜை அலமாரிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை தட்டின் தூசியோடு சேர்ந்து பிசுபிசுக்கும்.

அடுத்தது மட்டம். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கிச் சுழல்தட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்து, கால்களைத் திருகிச் சரி செய்யுங்கள். அலமாரி மட்டமாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பார்க்க வேண்டியது சுழல்தட்டின் மட்டம்.

எடை வைப்பதை மட்டும் பொறுமையாகச் சொல்கிறேன், எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. முள்ளின் பாதுகாப்பு மூடி இருந்தால் கழற்றிவிடுங்கள். பக்கவாட்டு இழுவைச் சரிக்கட்டும் ‘ஆன்டி-ஸ்கேட்’ குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். கையைத் தாங்கியிலிருந்து விடுவித்து, தட்டின் மேல் வராமல் ஓரத்திலேயே நிறுத்தி, பின்புறக் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். கை தராசுத் தண்டு போல மேலும் போகாமல் கீழும் போகாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றதும் கையைத் தாங்கியில் பூட்டிவிட்டு, கட்டியின் முகப்பில் இருக்கும் எண் வளையத்தை மட்டும் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்போது கட்டியையும் வளையத்தையும் சேர்த்துத் திருகினால், வளையம் 2 என்று காட்டும்போது முள்ளின் மேல் இரண்டு கிராம். உங்கள் கார்ட்ரிட்ஜின் தாளில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அதுவே வேதம். விஎம்95இ-க்கு இரண்டு கிராம். பக்கவாட்டு இழுவைக் குமிழையும் அதே எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்று ஒன்றே கால் கிராமுக்கு இறக்கி வைப்பவர்கள் உண்டு. நல்லதல்ல. எடை போதாத முள் பள்ளத்தில் பதியாமல் இரு சுவருக்கும் நடுவே தாவித் தாவி அடிக்கும். அதுவும் சேதமே.

சரி பார்க்க இதற்கென்றே விற்கும் சிறிய டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைத் தராசில் பார்க்கலாமே என்று நானும் ஒருமுறை பஜாரிலிருந்து ஒன்றை வாங்கி வந்தேன். இரண்டு கிராம் வைத்த முள் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. பிறகுதான் உறைத்தது: கார்ட்ரிட்ஜுக்குள் காந்தம் இருக்கிறது, தராசின் தட்டு இரும்பு. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தன.

கார்ட்ரிட்ஜைக் கையின் தலைப்பகுதியில் பொருத்தும் கோணத்துக்கு அளவுத்தாள் கிடைக்கும். தாளில் இரண்டு புள்ளிகள் இருக்கும். அவை இரண்டிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும். கோணம் தவறினால் முதல் பாட்டு நன்றாக இருந்து, கடைசிப் பாட்டில் ‘ஸ’கரமெல்லாம் சீறும். தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் முள்ளைக் கடப்பது நொடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில். லேபிளை நெருங்கும்போது வெறும் 21. அந்த நெருக்கத்தில்தான் பிழை வெளிப்படும்.

மின்சாரப் பக்கத்துக்கு வருவோம். எல்பியில் தாழ்ந்த சுருதிகளை அடக்கியும் உயர்ந்தவற்றை ஏற்றியும் வெட்டியிருப்பார்கள். 1954 முதல் அதற்கு ஒரு பொது அளவு இருக்கிறது. பிரீஆம்ப்தான் அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்து, சில மில்லிவோல்ட்டாக வரும் சிணுங்கலைப் பெரிதாக்கித் தரும். பிளேயருக்குள்ளேயே பிரீஆம்ப் இருந்தால் அதன் பொத்தானை ‘லைன்’ பக்கம் வைத்து ஆம்ப்ளிபயரின் ‘ஆக்ஸ்’ துளையில் செருகுங்கள். ஆம்ப்ளிபயரில் ‘போனோ’ துளை இருந்தால் பிளேயரின் பொத்தானை ‘போனோ’வுக்கு மாற்றுங்கள். இரண்டு இடத்திலும் பிரீஆம்ப் வேலை செய்தால் தொண்டை கட்டிய சத்தம் வரும். இரண்டிலும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ரேடியோ போலக் கேட்கும். ‘ம்ம்ம்’ என்ற ஓயாத ரீங்காரம் வந்தால், பிளேயரிலிருந்து தொங்கும் மெல்லிய எர்த் கம்பியை ஆம்ப்ளிபயரின் பின்புறத் திருகில் மாட்டினீர்களா என்று பாருங்கள். பத்தில் எட்டு வீட்டில் அது கீழே தொங்கிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

வேகம் சரியா என்று பார்க்கக் கோடுகள் அச்சிட்ட வட்டத்தாள் கிடைக்கும். நம் 50 ஹெர்ட்ஸுக்கு 33⅓ வட்டத்தில் 180 கோடுகள் இருக்க வேண்டும். 216 இருந்தால் அது அமெரிக்காவுக்கானது. பழைய குண்டு பல்பின் கீழ் பாருங்கள். எல்இடி விளக்குகள் பலவற்றில் தேவையான துடிப்பு இருக்காது. கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி. வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் சுருதி தெரிந்த பாட்டை வைத்தும் பார்க்கலாம். வேகம் ஆறு சதவீதம் பிசகினால் அரைக் கட்டை பிசகும்.

இனி பூஞ்சை. வினைலைப் பூஞ்சை பெரிதாகத் தின்பதில்லை. அதன் மேல் படிந்த கைப்பிசுக்கையும் தூசியையும் காகித உறையையும் தின்னுகிறது. ஆகவே முதலில் உள்ளுறைகளை எல்லாம் வீசுங்கள். வெளி அட்டைகளை நிழலில் காற்றாட விட்டுத் துடைத்துக்கொள்ளலாம். தட்டுகளை வீட்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள். முற்றத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் வெள்ளையைத் தள்ளிவிடுங்கள். பிறகு லேபிளின் மேல் இருபுறமும் பொருந்தும்படி பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு கழுவ வேண்டும். தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அது. கேனில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள், அதே கடையில் அமிலமும் விற்பார்கள். ஒரு லிட்டருக்குப் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, மூன்றாவது வேண்டாம். வெல்வெட் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் அலசி, பாத்திரக் கூடையில் தட்டு நிறுத்துவது போல நிறுத்தி உலர விடுங்கள். மின்விசிறியைப் போடாதீர்கள், ஈரத் தட்டில் தூசி வந்து ஒட்டும். மரப்பசையைப் பூசிக் காய வைத்து உரிக்கும் வித்தையை யாராவது சொல்வார்கள். உரியும்போது பாதியில் கிழிந்தால் பள்ளத்தில் தங்கும் பசையை எடுக்க வழியில்லை.

78-களை இப்படி ஊற வைக்காதீர்கள். ஈரத்துணியால் விரைந்து துடைத்து உடனே உலர்த்துங்கள். ஸ்பிரிட் மட்டும் கூடவே கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில், டேப் ரெக்கார்டர் ஹெட்டைத் துடைக்கும் ஸ்பிரிட்டால் ஓர் அரக்குத் தட்டைப் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று துடைத்தேன். பஞ்சு கரிக்கட்டை போலக் கறுத்தது. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். போனது அழுக்கல்ல, பாட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது மர வார்னிஷ் அடிக்கும் ஆசாரிக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. தட்டின் சொந்தக்காரர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார், திட்டியிருந்தால் தேவலாம்.

கழுவியவற்றைப் புதிய பாலித்தீன் உள்ளுறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் அடித் தட்டு வளையும், 78 என்றால் விரிசல் விடும். நூறு எல்பி அட்டையோடு 25 கிலோ வரும். பலகை தாங்குமா என்று பாருங்கள். மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் வினைலில் மங்கல் படிய வைக்கும், வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம். மேற்குச் சுவரை ஒட்டி பீரோவை நிறுத்தாதீர்கள். சாரல் முதலில் நனைப்பது அந்தச் சுவரைத்தான். ஈரப்பதமானி ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். ஐம்பது சதவீதத்துக்குள் இருந்தால் உத்தமம், ஆடி மாதத்தில் நம் ஊரில் அது நடக்காது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடுங்கள். கேமரா லென்சுக்குச் செய்வது போல, பீரோவின் அடித்தட்டில் ஒரு ஜீரோ வாட் பல்பை எரிய விட்டாலும் ஈரம் குறையும். தட்டுகளிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். சாரல் நின்று வெயில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள். காரில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலே எல்பி அப்பளமாகிவிடும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது. சவுண்ட் சர்வீஸ் தட்டுகள் உழைத்த தட்டுகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளங்கள் கறுப்பாக மின்னாமல் சாம்பல் பூத்திருக்கும். அது அழுக்கல்ல, தேய்மானம். எவ்வளவு கழுவினாலும் இரைச்சல் போகாது. கல்யாண வீட்டில் முதலில் போடும் பாட்டும் கொடையில் சாமியாடும்போது போடும் பாட்டும் இருக்கும் தட்டுகள்தான் அதிகம் தேய்ந்திருக்கும். அவற்றின் மறுபக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். யாரும் கேட்காததால் அந்தப் பக்கம் புதிதாகவே இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மலைக்கு அப்பால் நடந்த விழாக்களுக்காக வாங்கிய மலையாளத் தட்டுகளும் அப்படித்தான். ஆண்டுக்கு இரண்டு முறையே வெளியே வந்திருக்கும்.

பழைய பெட்டியைத் திறக்கும்போது அந்த ரப்பர் சக்கரத்தின் விட்டத்தையும் நடுத்துளையின் அளவையும் அளந்து எனக்கு எழுதுங்கள். என் தகர டப்பாவில் இரண்டு மூன்று கிடக்கின்றன.